2.2 கிலோவாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும் ஸ்பிண்டில்: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

சிறிய சிஎன்சி ரூட்டருக்கு (கணினி சொல்படி மரம், அக்ரிலிக் வெட்டும் மெஷின்) பெரிய ஸ்பிண்டில், அதாவது வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார், மாட்ட நினைப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச் சாவடிகளுக்கு இந்தக் கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். விற்கும்போது நாம் பக்கத்து ஊர். பழுது என்று போன் செய்தால் உடனே வெளிமாநிலம்.

கொழிஞ்சாம்பாறையில் தேக்குப் பெயர்ப்பலகையும் அக்ரிலிக் எழுத்தும் வெட்டிக் கொடுக்கிறேன். தனியாள் தொழில். பழைய 500 வாட் மோட்டார் தேக்கில் திணறியதால், நீரால் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலும் அதற்கான விஎஃப்டியும் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸையும் வோல்ட்டையும் மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வாங்க முடிவு செய்தேன். கோவையில் ஒரு கடை. 2.2 கிலோவாட், 80 மில்லிமீட்டர் உடல், இஆர்20 அளவு கோலட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வி) என்று வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதிக் கேட்டேன். "அதேதான் அண்ணா, எங்கள் ஆளே வந்து மாட்டி ஓட்டிக் காட்டிவிடுவார்" என்று பதில் வந்தது. பில்லில் மட்டும் "ஸ்பிண்டில் செட் – 1" என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

பெட்டியைப் பிரித்ததுமே சந்தேகம். கோலட் நட்டு சின்னதாக இருந்தது. இஆர்11. அதில் அதிகபட்சம் 7 மில்லிமீட்டர் தண்டுதான் நுழையும். நான் வைத்திருக்கும் 8 மில்லிமீட்டர் பிட்டுகள் ஒன்றும் சேராது. இஆர்20 என்றால் 13 மில்லிமீட்டர் வரை பிடிக்கும். அதே 80 மில்லிமீட்டர் உடலில் 1.5 கிலோவாட் ஸ்பிண்டிலும் சந்தையில் கிடைக்கிறது என்பதால், வெளித்தோற்றத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டிக்கரோ 2.2 என்றது. கேட்டால், "இது புது மாடல் சார், கோலட்டை அப்புறம் மாற்றித் தருகிறோம்" என்றார் வந்த ஆள். கோலட் நட்டு ஸ்பிண்டில் தண்டின் கூம்போடு சேர்ந்தது. மாற்றித் தரும் சாமான் அல்ல.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. இந்த ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில் 24,000 ஆர்பிஎம் சுற்றுபவை. 400 ஹெர்ட்ஸில்தான் அவற்றுக்கு முழு 220 வோல்ட். 100 ஹெர்ட்ஸில் 55 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 27 அல்லது 28 வோல்ட் போதும். விஎஃப்டி பெட்டிகளோ பல நேரம் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்போடுதான் ஆலையிலிருந்து வருகின்றன. அதிகபட்ச ஃப்ரீக்வன்சி, பேஸ் ஃப்ரீக்வன்சி (முழு வோல்ட்டை எட்டும் ஹெர்ட்ஸ்) இரண்டையும் 400 ஆக்க வேண்டும். வந்தவர் முதலாவதை மட்டும் மாற்றினார். "அந்த பேஸ் ஃப்ரீக்வன்சியையும் பாருங்கள்" என்று நான் சொன்னதற்கு, "எங்களுக்குத் தெரியும் சார், பேரிங் பழகட்டும்" என்று 100 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடவிட்டார். மெதுவாக ஓடுகிறதே என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே 55 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 220 போய்க்கொண்டிருந்தது. விஎஃப்டி மின்னோட்டம் மிஞ்சுகிறது என்று காட்டி நின்றது. ரீசெட் அழுத்தினார். மறுபடி நின்றது. இந்த முறை மோட்டாரின் மின்னோட்ட வரம்பையே உயர்த்திவிட்டு ஓட்டினார். தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஸ்பிண்டிலின் மேல்மூடியிலிருந்து வார்னிஷ் கருகும் வாடையோடு மெல்லிய புகை வந்தது.

கடைக்காரர் போனில் சொன்ன காரணம்: "உங்கள் ஊர் கரண்ட் ஏறி இறங்கும் அண்ணா." நான் மீட்டரில் பார்த்தபோது 232 வோல்ட் அசையாமல் நின்றது. அடுத்த காரணம், எரிந்த மோட்டாருக்கு வாரண்டி இல்லை. எரித்தது அவர்கள் ஆள் என்றதும் போன் துண்டிக்கப்பட்டது.

பொள்ளாச்சியில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோனேன். தின்னரில் நனைத்த துணியால் ஸ்டிக்கரைத் துடைத்தார். அடியில் உடலிலேயே பொறித்திருந்த 1.5 தெரிந்தது. அந்த நேரத்திலேயே படம் எடுத்துக்கொண்டேன்.

"1.5, 2.2, என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்பவர்களுக்கு: அந்த வாட் கணக்கு 24,000 ஆர்பிஎம்மில்தான். வேகத்தைக் குறைத்தால் ஆற்றலும் அதே விகிதத்தில் குறையும். 10,000 ஆர்பிஎம்மில் 2.2 என்பது சுமார் 900 வாட், 1.5 என்பது 625 வாட். நம் சிறிய மெஷின்கள் பெரும்பாலும் அந்தக் குறைந்த வேகத்தில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் கடை ஒரு வேக அட்டவணையும் கொடுத்தது. தேக்கு, பிளைவுட், அக்ரிலிக், அலுமினியம் எல்லாவற்றுக்கும் ஒரே 24,000! ஒரே மாத்திரையை எல்லா நோய்க்கும் தரும் வைத்தியர் மாதிரி. ஃபீட் வேகம், அதாவது பிட் மரத்தில் நகரும் வேகம், என்பது ஆர்பிஎம், பிட்டின் ஃப்ளூட் (வெட்டும் விளிம்பு) எண்ணிக்கை, ஒவ்வொரு ஃப்ளூட்டும் சீவி எடுக்கும் துகளின் தடிமன் ஆகிய மூன்றையும் பெருக்கி வருவது. தேக்கில் 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு அந்தத் தடிமன் 0.05 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது நான் பின்பற்றும் அளவு. இரண்டு ஃப்ளூட், 24,000 என்றால் நிமிடத்துக்கு 2400 மில்லிமீட்டர் நகர வேண்டும். என் மெஷின் அதிராமல் நகர்வது 1000 வரைதான். அப்படியானால் தடிமன் 0.02க்கு வந்துவிடும், பிட் வெட்டாது, உரசும். மரம் கருகும், பிட் மழுங்கும், அக்ரிலிக் உருகி வெட்டிய தடத்திலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். 10,000க்கு இறக்குங்கள், அல்லது ஒற்றை ஃப்ளூட் பிட் போட்டு 20,000 வையுங்கள். அதே 1000 ஃபீடில் சரியான துகள் வரும். தூளாகப் பறந்தால் உரசுகிறது. சுருளாகவோ சிறு செதிலாகவோ விழுந்தால் வெட்டுகிறது.

உண்மையில் பலருக்கு 2.2 கிலோவாட்டே தேவையில்லை. அலுமினியச் சட்டம் மெலிதாக இருந்தால், ஐந்து கிலோ எடையுள்ள ஸ்பிண்டிலைத் தூக்கவே அது தள்ளாடும். மகிட்டா ஆர்டி0700சி போன்ற 710 வாட் கை ரூட்டர் 10,000 முதல் 30,000 வரை ஓடும், விஎஃப்டி தொல்லை கிடையாது. சத்தம் மட்டும் காதைப் பிளக்கும்.

இனிப் பணத்துக்கு வருவோம். கடை தமிழ்நாட்டில் இருக்கிறது, வழக்கென்றால் கோவைக்கு அலைய வேண்டும் என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. "தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் அல்ல" என்று கடைக்காரர் வாதிடுவார். பிழைப்புக்காகத் தானே உழைக்கும் சுயதொழிலுக்கு வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம்.

நான் பாலக்காட்டில் புகார் கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல், பில், ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த எண்ணின் படம், காயில் கட்டுபவர் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. நோட்டீஸ் போன பிறகு கடையிலிருந்தே போன் வந்தது: பாதிப் பணம் தருகிறார்களாம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். முழுப் பணமும் காயில் கட்டுபவருக்குக் கொடுத்த கூலியும் வந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.