கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதித்தேன், சினைப்பையும் போய்விட்டது

எனக்கு அப்போது 42 வயது. மாதவிலக்கு வந்தால் எட்டு, ஒன்பது நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகும். ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 4 சென்டிமீட்டர் நார்க்கட்டி (ஃபைப்ராய்டு) ஒன்று தெரிந்தது. மருத்துவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "எத்தனை பிள்ளைங்க?" என்றார். "ரெண்டு டாக்டர்." "அப்புறம் எதுக்கு கர்ப்பப்பையை வச்சுக்கிட்டு? விட்டா கேன்சராயிடும். எடுத்துடலாம்மா." ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த வாரமே சேர்ந்துவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது, அதில் குறை சொல்லமாட்டேன். மூன்றாவது வாரம் நடுராத்திரியில் நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஒரு சூடு ஏறியது. தலையணை உறை நனைகிற அளவுக்கு வியர்வை. பிறகு தினமும் அதே கதை. தூக்கம் போச்சு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். "பலவீனம்தான், சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு மருத்துவரிடம் போனேன். டிஸ்சார்ஜ் தாளைப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு ஓவரியையும், அதான் சினைப்பையையும், எடுத்திருக்காங்களே. அதனாலதான் இந்தச் சூடு. உங்ககிட்ட சொல்லலையா?"

வீட்டுக்கு வந்து சம்மதப் படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். அச்சடித்த வரியின் ஓரத்தில், பேனாவால் பொடியாக, சினைப்பைகளையும் சேர்த்து எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. ஸ்கேன் அறிக்கையிலோ இரண்டு சினைப்பையும் இயல்பு என்றே இருந்தது.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நார்க்கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அரிது. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். நிஜமாகவே புற்றுநோய் பயம் இருந்திருந்தால் முதலில் கர்ப்பப்பையின் உள்சுவரில் துளி எடுத்து பயாப்சி பார்த்திருக்க வேண்டும். அதை யாரும் செய்யவே இல்லை! உதிரப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சிறுகச் சிறுக விடுகிற, கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம் இருக்கிறது, சில வருஷம் தாங்கும். கட்டியை மட்டும் எடுக்கலாம், அல்லது அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கலாம். இவை எல்லாருக்கும் ஒத்துவராது. கட்டி உட்குழியை நெருக்கினால் அந்தச் சாதனம் நழுவி வெளியே வந்துவிடக்கூடும், கட்டியை எடுத்தாலும் புதிதாக முளைக்கலாம். ஆனால் இதில் ஒன்றையாவது என்னிடம் சொன்னார்களா?

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் அக்கா இரண்டு வருஷம் மாத்திரை, சாதனம் எல்லாம் பார்த்து, எதுவும் பலன் தராமல் கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டாள். சினைப்பையை விட்டுவிடச் சொல்லிப் படிவத்தில் எழுதி வாங்கினாள். ஆறு வாரம் ஓய்வு, இப்போது நிம்மதியாக இருக்கிறாள்.

நான் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை இப்போது மாத்திரையாக எடுத்துக்கொள்கிறேன். சினைப்பை இல்லாததால் எலும்பு சீக்கிரம் தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல என்பதால் ஐம்பதை ஒட்டிய வயது வரை அதைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பு அடர்த்தியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு பழைய மருத்துவமனைக்குப் போய்க் கேட்டேன். "இந்த வயசுல எல்லாருக்கும் சேர்த்துதாம்மா எடுப்போம்" என்றார் மருத்துவர். அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணின் கையிலும் ஒரு ஸ்கேன் கவர்.