சாடி மாற்றும் சேவை: கிளிநொச்சியில் ஒரு பூக்கன்று நிலையம்

ஐந்து ஆண்டுகளாக ஒரே பிளாஸ்ரிக் சாடியில் நின்ற எனது டென்ரோபியம் ஓர்க்கிட்டின் வேர்கள், துளைகள் வழியே வெளியேறி, சாடியைத் தொங்கவிட்ட கம்பியையும் சுற்றிக்கொண்டிருந்தன. முன்பு வேறோர் இடத்தில் சாடி மாற்றக் கொடுத்த இன்னொரு கன்றை இழுத்துப் பிடுங்கி, மண்ணும் எருவும் கலந்து நட்டுத் தந்தார்கள். அது ஒரு மாரியிலேயே அழுகிப்போனது. அந்தக் கவலையோடுதான் கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் இந்த நிலையத்துக்கு, மாசியில், புதிய வேர்முனைகள் அரும்பும் வேளை பார்த்துக் கொண்டுபோனேன். சோழகக் காற்று வீசத் தொடங்குமுன் வேர் பிடித்துவிட வேண்டும்.

அங்கு இந்த வேலையைச் செய்யும் அக்கா, முதலில் கன்றைச் சாடியோடு அரை மணிநேரம் மழைநீர் வாளியில் அமிழ்த்தி வைத்தார். காய்ந்து வெள்ளி நிறத்தில் விறைத்து நிற்கும் வேர், பஞ்சு போன்ற மேலுறை நீரை உறிஞ்சியதும் பச்சையாகி, முறியாமல் வளைந்துகொடுக்கும். அதன்பின் கன்றை இழுக்காமல் சாடியையே வெட்டித் திறந்தார். சுவரோடு இறுக ஒட்டியிருந்த இரண்டு வேர்களைப் பிய்க்க முயலாமல், பிளாஸ்ரிக் துண்டோடேயே விட்டுவிட்டதைப் பார்த்தபோது என் மனம் ஆறியது.

ஒவ்வொரு வேரையும் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். உறுதியாக இருந்தவற்றை விட்டு, நசுங்கித் தண்ணீர் கசிந்தவற்றையும், உறை கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சியவற்றையும், நெருப்பில் வாட்டிய கத்தரிக்கோலால் நறுக்கினார். வெட்டிய இடத்தில் மட்டும் கறுவாத்தூள் தொட்டுவைத்து, நல்ல வேரில் சிந்தியதை, அது வேரை உலர்த்திவிடும் என்று சொல்லித் தூரிகையால் துடைத்தார். நிரப்பியது மண் அல்ல. மரக்கரியும், பல நாள் ஊறவைத்து நீர் மாற்றி உப்பு நீக்கிய தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பழைய பொச்சில் வெள்ளைப் படையாகப் படிந்திருந்ததைக் காட்டி, இனி மழைநீரைச் சேமித்து ஊற்றும்படியும் சொன்னார்.

குறைகளும் உண்டு. வேர் நிறைய இருக்கிறது என்பதற்காக அகன்ற மண்சாடியை எடுத்தார்கள். டென்ரோபியத்துக்கு நெருக்கமான சாடியே நல்லது, அகலம் கூடினால் நடுப்பகுதி ஈரம் காயாது என்று நான் சொன்ன பிறகே ஐந்து அங்குலச் சாடிக்கு மாற்றினார்கள். ஆடாமல் நிற்க ஒரு குச்சிகூடக் கட்டித் தரவில்லை. கன்று ஆடினால் புதிய வேர்முனை கரியில் உரசிக் கருகிவிடும். மறுநாளே தண்ணீர் விடலாம் என்றார்கள். நானோ வெட்டுக்காயம் உலரட்டும் என்று நான்கு நாள் பொறுத்தேன்.

சாடியோடு 850 ரூபா எடுத்தார்கள். ஒன்றரை மணிநேர வேலைக்கு அது அதிகமில்லை. மூன்றாவது வாரத்தில் புதுத் தண்டின் அடியிலிருந்து நகக்கண் அளவு பச்சை முனை ஒன்று இறங்கிக் கரியைத் தொட்டிருந்தது. அந்த அக்கா சனிக்கிழமை காலையில் மட்டுமே அங்கு இருப்பார். மற்ற நாட்களில் போனால், வேறு எவரிடமும் கொடுக்காமல் கன்றோடு திரும்பிவிடுங்கள்.