நாய்க்குட்டிகளுக்கான நடைப் பயிற்சி வகுப்பு: ஒரு மதிப்பீடு

மற்ற நாய்களைக் கண்டதும் லீஷை (நாயைப் பிடித்து நடத்தும் வாரை) இழுத்துக்கொண்டு பாயும் எங்கள் குட்டியை இந்தக் குழு வகுப்பில் சேர்த்தோம். குட்டிகளை ஒன்றாக விளையாட விட்டாலே பழகிவிடும் என்று பலர் நம்புகையில், முதல் வகுப்பில் எந்தக் குட்டியையும் மற்றொன்றின் அருகே விடாததே எனக்கு இவர்கள்மீது மதிப்பை உண்டாக்கியது.

மற்றொரு நாய் கண்ணில் பட்ட பிறகும் குட்டி நம் கையிலிருந்து தீனி வாங்கித் தின்னும் அளவுக்கு எட்ட நின்று, அது அந்த நாயைப் பார்த்த கணமே ‘சரி’ என்று சொல்லித் தீனி கொடுக்க வேண்டும். இப்படியே தொடர்ந்தால், பார்த்த கையோடு நம் முகத்தைத் தானாகத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அதற்கு வந்துவிடுகிறது. அதன் பிறகே ஓரடி, ஈரடியாக நெருங்க விடுகிறார்கள். வாயை இறுக மூடி, உடல் விறைத்து, எதிர் நாயையே வெறிக்கத் தொடங்கினால் அதட்டாமல் வளைந்து விலகி நடக்க வேண்டும். உரிமையாளரின் கால்களுக்கிடையே ஒண்டிக்கொண்ட ஒரு குட்டியைப் பயிற்றுநர் வெளியே இழுக்கவில்லை. அதன் முன்னே ஒரு மறைப்புத் தட்டியை வைத்து, அதுவாக மூக்கை நீட்டி எட்டிப் பார்க்கும்வரை அனைவரையும் பொறுமையாகக் காக்க வைத்தார். அந்தப் பொறுமைக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

இழுக்க இழுக்க நீளும் சுருள் லீஷுக்கு இங்கே இடமில்லை. இழுத்தால் வழி கிடைக்கும் என்பதையே அது குட்டிக்குக் கற்பிக்கிறது. மார்பில் வளையமுள்ள ஹார்னஸ் (உடலைச் சுற்றி மாட்டும் பட்டை) போதும் என்கிறார்கள். புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 14 வார வயதுக்குள் முடிந்துவிடுவதால், எல்லாத் தடுப்பூசிகளும் முடியும்வரை காத்திராமல், முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கழிந்த குட்டிகளைச் சுத்தம் செய்த கூடத்தில் சேர்த்துக்கொள்வதும் சரியான முடிவு.

குறை கூடத்தின் அளவில்தான். தூரத்தை அடிப்படையாகக் கொண்ட பயிற்சிக்கு இடமே முதல் தேவை. ஆனால், இடையில் மேலும் சில குட்டிகளைச் சேர்த்தபின் விலகி நிற்கச் சுவர்தான் மிஞ்சியது. லீஷ் இல்லாமல் ஓடிவரும் நாயை எப்படிச் சமாளிப்பது என்பதையும் கடைசி வகுப்பில் அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். தெருவில் நமக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். துள்ளலும் ஆர்வமும் மிகுந்த குட்டிகளுக்கு இது நல்ல வகுப்பு. பிற நாய்களைக் கண்டு ஏற்கெனவே உறுமும் குட்டிக்குத் தனிப் பயிற்சியே பொருந்தும்.