பார்டர் பக்கம் டயர் கடையில் பெரிய எஸ்யூவிக்கு அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) பார்ப்பவர்கள் கவனத்துக்கு: 1,36,000 ரூபாய் போச்சு

1,36,000 ரூபாய். இன்று மதியம் மதுரையில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் நின்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் இந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்தது உங்கள் பணமாக இருக்கக் கூடாது. கடைசியில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

வண்டி ஜெர்மன் எஸ்யூவி. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன், காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற 19 இஞ்ச் ரன்ஃபிளாட் டயர். கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்வருவதுதான் முக்கால்வாசி ஓட்டம். தேனி ரோட்டில் அறுபதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு உறுமல் வந்தது, ஸ்டியரிங்கும் லேசாக இடது பக்கம் இழுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே இருந்தது. உள் ஓரத்தைத் தடவினால்தான் பட்டன் சுத்தமாகப் போய் கம்பி கையில் நெருடியது.

கம்பெனி சர்வீஸுக்கு மதுரையோ கொச்சியோ போக வேண்டும். அதற்குள் மலை ரோட்டில் டயர் வெடித்தால் யார் பொறுப்பு என்று, பக்கத்திலேயே இருந்த பெரிய டயர் கடைக்குக் கொண்டுபோனேன். மேலே கேரளாப் பக்கம் ஒரு கடை, கீழே நம் பக்கம் ஒரு கடை, முதலாளி ஒருவர்தான். நான் போனது கீழ்க் கடைக்கு.

முதலாளியே எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அளவு ஊசியை டயரில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் வைத்துக் காட்டினார். "அண்ணே, டயர் மாத்துறது பெருசில்ல. காரணத்தைச் சரி பண்ணாம மாத்தினா புது டயரும் இப்படித்தான் போகும்" என்றார். இதில் ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் எனக்கு இப்போது ஆத்திரமாக இருக்கிறது. இந்த வண்டிகள் இரண்டு டன்னுக்கு மேல் கனம். கம்பெனியிலேயே சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்த மாதிரி கேம்பர் வைத்திருப்பார்கள், அதனால் உள் ஓரத்துக்குத்தான் பாரம் அதிகம். அதோடு டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கிற திசை, கொஞ்சம் விலகினாலும் போதும், டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் உராய்ந்துகொண்டே போகும். இதையெல்லாம் அவரே பொறுமையாகச் சொன்னார். லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கீழ்க் கை, அதன் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறது, ஆர்ம் இரண்டும் மாற்றாமல் அலைன்மென்ட் நிற்காது என்றும் சொன்னார். "இனி இந்த வண்டி என் பொறுப்புண்ணே" என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

டயர் நாலு 92,000. ஆர்ம் இரண்டு 38,000. அலைன்மென்ட், பேலன்ஸிங், கூலி 6,000. மொத்தம் 1,36,000, அங்கேயே நின்று ஜிபேயிலும் பணமாகவும் கொடுத்தேன். மெஷினிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டி, முன்பு சிவப்பு, அளவு தப்பு, இப்போது எல்லாம் பச்சை, அளவு சரி, பாருங்கள் என்றார். பழைய ஆர்மைக் கேட்டதற்கு ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள்.

அடுத்த ஏலக்காய் எடுப்பு வருவதற்குள் அதே உறுமல். பின் டயர் இரண்டிலும் உள் ஓரம் மழமழவென்று ஆகிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. முதலில் காற்று கம்மியாக வைத்து ஓட்டியிருப்பீர்கள் என்றார்கள். இந்த வண்டியில் காற்று குறைந்தால் டேஷ்போர்டிலேயே எச்சரிக்கை வரும், ஒரு நாளும் வந்ததில்லை என்றேன். சரி, தோட்ட ரோடு மோசம் என்றார்கள். தோட்டத்து ரோட்டைச் சொல்லித்தானே வேலையே கொடுத்தேன்! அப்புறம் டயர் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம் என்றார்கள். மெயிலைக் காட்டு என்றால் முதலாளி கட்டப்பனை போயிருக்கிறார் என்று பதில். என் பொறுப்பு என்று கையைப் பிடித்தவர், போனை எடுக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் மட்டும் விழும்.

நேரில் போய் சத்தம் போட்ட பிறகு சூப்பர்வைசர் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது மேல் கடை பில், இங்க கேட்காதீங்க" என்றார். பில்லில் ஜிஎஸ்டி நம்பர் 32-ல் ஆரம்பிக்கிறது. 32 கேரளா, தமிழ்நாடு என்றால் 33. வேலை செய்தது கீழே, பில் மட்டும் மேலே! மலையேறிப் போனால் அங்கே, வேலை கீழே நடந்தது, எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். ஒரு பார்டரை வைத்துக்கொண்டு 1,36,000 ரூபாயைப் பந்தாடுகிறார்கள்.

இன்று மதுரையில் மெக்கானிக் தம்பி காட்டியதைச் சொல்கிறேன். பின் சக்கரத்தில் டோ வைக்கிற போல்ட்டின் தலையைச் சுற்றி தோட்டத்துச் செம்மண் கெட்டியாக அப்படியே இறுகியிருக்கிறது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. தொடாத போல்ட் எப்படிப் பச்சை காட்டும் என்று கேட்டேன். அளவு பார்க்கச் சக்கரத்தில் மாட்டுகிற பிளேட்டை அசைத்துவிட்டாலே நம்பர் மாறும் என்றான். பேப்பரின் தலைப்பில் இருக்கும் மாடலும் என் வண்டி இல்லை, சாதாரண ஸ்பிரிங் வைத்த மாடல். ஏர் சஸ்பென்ஷன் வண்டியைக் கம்பெனி சொன்ன உயரத்தில் நிறுத்தி அளக்கவில்லை என்றால் அளவே தப்பு. அப்புறம் அந்தப் "புது" ஆர்ம். நகத்தால் சுரண்டினேன், கருப்புப் பெயிண்ட் செதிலாக உரிந்து உள்ளே துரு. புஷ் ரப்பரில் விரல் நுழைகிற வெடிப்பு. என் பழைய ஆர்மையே கழுவிப் பெயிண்ட் அடித்து 38,000 வாங்கியிருக்கிறார்கள்.

1915-க்கு, அதுதான் நுகர்வோர் உதவி எண், வரும் வழியிலேயே போன் செய்துவிட்டேன். கடை கேரளாவில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதனால் தேனி நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகப் போகிறேன்.

கவனிக்க வேண்டியதை விரிவாக எழுத இப்போது மனசு நிலையில் இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் பில்லில் எந்தக் கடை, ஜிஎஸ்டி 32-ஆ 33-ஆ என்று பாருங்கள். அலைன்மென்ட் பேப்பரில் உங்கள் மாடல் பெயர் இருக்க வேண்டும். போல்ட்டைத் திருகும்போது லிஃப்டுக்கு அடியில் நில்லுங்கள், விட மாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். டயரை மாட்டுவதற்கு முன்பே அது தயாரான நாலு இலக்கத் தேதியைப் படித்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருஷம், மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விடலாம். கழற்றிய சாமானைக் கையோடு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.