கூரை பறந்த ஸ்டூடியோ, ஒற்றை கிட்டார், ஒரு முற்றம்: மூன்று அமெரிக்கானா ஆல்பங்கள்

கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ‘உட்லேண்ட்’, ஜேசன் இஸ்பெல் 2025 மார்ச்சில் வெளியிட்ட ‘ஃபாக்சஸ் இன் த ஸ்னோ’, அதற்கு அடுத்த மாதமே ரியானன் கிடன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் கொண்டுவந்த ‘வாட் டிட் த பிளாக்பேர்ட் சே டு த க்ரோ’ ஆகிய மூன்றும் கன்ட்ரி, ஃபோக், ப்ளூஸ் ஆகிய அமெரிக்க இசைவகைகளின் எல்லைகள் கலந்துகிடக்கும், அமெரிக்கானா எனப்படும் ஒரே இசைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் மரத்தாலான தந்தி வாத்தியங்களே முன்னிற்கின்றன. மூன்றின் பின்னணியிலும் ஏதோ ஓர் இழப்பு இருக்கிறது. இருந்தும் அடுத்தடுத்துக் கேட்கும்போது மனம் மூன்று வெவ்வேறு இடங்களில் போய் நிற்கிறது. இதற்குப் பாடல் வரிகளைவிட, அவை எந்த இடத்தில், எத்தனை பேர் சூழப் பதிவாயின என்பதே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

இஸ்பெல்லின் ஆல்பத்தில் வேறு எவரும் இல்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் மின்கிட்டாரின் பேரொலிக்காக நியூயார்க்கில் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில், 1940-ஆம் ஆண்டு மார்ட்டின் கிட்டார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, 11 பாடல்களையும் ஐந்தே நாளில் அவர் பதிவு செய்தார். மகோகனி மரத்தாலான அந்தச் சிறிய கிட்டாரின் ஒலி வறண்டது. நீண்டு ஒலிக்காமல் சட்டென்று அடங்கிவிடுவது. முதல் பாடல் அந்தத் துணைகூட இல்லாமல் வெறும் குரலில்தான் தொடங்குகிறது. பாடகி அமாண்டா ஷயர்ஸுடனான மணமுறிவுக்குப் பின் வந்த ஆல்பம் இது என்பதை அறியாதவர்களுக்கும், ஒருவர் நமக்கு மிக அருகில் அமர்ந்து, தாம் பேச நினைத்ததற்கும் மேலாகவே பேசிவிடுகிறார் என்ற கூச்சம் எழும். 2013-இல் வந்த ‘கவர் மீ அப்’ என்ற காதல் பாடலை ஷயர்ஸுக்காக எழுதியவர் இவர். அப்படிப்பட்ட பாடல்களுக்கெல்லாம் இன்று வேறு பொருள் வந்துவிட்டதே என்று ‘கிராவல்வீட்’ பாடலில் வருந்தும் இடம், இந்த மூன்று ஆல்பங்களிலும் மிகக் கூர்மையான ஒரு கணம். ஆனால் ‘ட்ரூ பிலீவர்’ போன்ற பாடலில் அதே நெருக்கம் தன் தரப்பு வாதமாக மாறி, கேட்பவரை நடுவராக உட்கார வைத்துவிடுகிறது. முதல் முறை உலுக்கிய பாடல்களுள் பாதியாவது ஐந்தாம் முறையில் எனக்குச் சற்றுத் தேய்ந்தே ஒலித்தன.

‘உட்லேண்ட்’ இதற்கு நேர் எதிராக, முதல் கேட்பில் பெரிதாக எதையும் செய்வதில்லை. கிழக்கு நாஷ்வில்லில் வெல்ச்சும் ராலிங்ஸும் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஸ்டூடியோவின் பெயரே ஆல்பத்தின் பெயர். 2020 மார்ச்சில் அந்நகரைத் தாக்கிய சூறாவளி அதன் கூரையைப் பிய்த்தெறிந்தபோது, இருவரும் இரவோடு இரவாக ஒலிநாடாக்களையும் வாத்தியங்களையும் மழையிலிருந்து மீட்டார்கள். பழைய ஆல்பங்களில் பெரும்பாலும் இரண்டு கிட்டார்களும் இரண்டு குரல்களுமே போதும் என்றிருந்தவர்கள், செப்பனிட்ட அந்தக் கட்டடத்துக்குள் இம்முறை டிரம்ஸையும், பெடல் ஸ்டீல் என்னும் மிதிகட்டை வைத்த கிட்டாரையும், வயலின்களையும் அனுமதித்திருக்கிறார்கள்; ஆயினும் ராலிங்ஸின் 1935-ஆம் ஆண்டு எபிஃபோன் கிட்டார் எப்போது குறுக்கே புகுந்தாலும் மற்றவை தாமாகவே ஒதுங்கி வழிவிடுகின்றன. உயரமான ஆற்றுப்பாலத்தின் மேல் போகும் காலிச் சரக்கு ரயிலின் பெட்டிகளினூடே வானம் தெரிவதைப் பாடும் முதல் பாடலில், ரயில் ஏற்றிச்செல்லும் சுமையே அந்த வானம்தான். அது துயரமா, விடுதலையா என்று பாடல் எங்கும் சொல்வதில்லை. 2016-இல் மறைந்த பாடலாசிரியர் கை கிளார்க்கை நினைத்துப் பாடும் ‘ஹாஷ்டேக்’, நம்மைப் போன்ற பாடகர்கள் செத்தால்தான் செய்தியாவோம் என்ற கசப்பான வேடிக்கையைச் சுற்றி எழுந்தது. இஸ்பெல் அழுத்திச் சொல்லியிருக்கக்கூடிய இந்த இடத்தை ராலிங்ஸ் தாழ்ந்த குரலில் பாடிக் கடந்துவிட, வெல்ச்சின் குரல் அடியில் வந்து சேர்ந்து அதைத் தாங்கிக்கொள்கிறது. துயரத்தை இருவர் பகிர்ந்துகொள்வதால் அதன் எடை குறைந்துவிடவில்லை. தூக்க முடிகிற எடையாகிறது, அவ்வளவே.

இந்த ஆல்பத்துக்கு 2025 கிராமி விழாவில் சிறந்த ஃபோக் ஆல்பம் விருது கிடைத்தது. அதே விழாவில் சிறந்த அமெரிக்கானா ஆல்பம் என்ற விருதை மேற்கு வர்ஜீனியாவின் சியரா ஃபெரலுடைய ‘டிரெயில் ஆஃப் ஃப்ளவர்ஸ்’ வென்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது ஃபோக், எது அமெரிக்கானா என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது என்றே நினைக்கிறேன். ஃபெரலின் ஆல்பம் திருவிழாக் கடைத்தெருவைப் போலக் களிப்பும் வண்ணமும் நிறைந்தது. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு மிக ஏற்றது. இந்த ஒப்பீட்டில் அதற்கு இவ்வளவே இடம்.

கிடன்ஸ், ராபின்சன் ஆல்பத்துக்கு வந்தால், அங்கே ஸ்டூடியோ என்பதே கிடையாது. வட கரோலினாவில், தங்கள் குருவான கறுப்பினப் பிடில் கலைஞர் ஜோ தாம்சனின் வீட்டிலும், ப்ளூஸ் கிட்டார் கலைஞர் எட்டா பேக்கரின் வீட்டிலும், முன்னாள் பண்ணைமாளிகை ஒன்றிலும் வெட்டவெளியில் அமர்ந்து 18 மெட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிடில் என்பது நம் கச்சேரிகளில் வாசிக்கப்படும் அதே வயலின்தான். அதனோடு இங்கே இணைந்து ஒலிக்கும் தந்தி வாத்தியமான பாஞ்சோவோ ஆப்பிரிக்க மூதாதை வாத்தியங்களிலிருந்து வந்தது. 13 ஆண்டுக்கும் 17 ஆண்டுக்கும் ஒருமுறை மண்ணைவிட்டு வெளிவரும் இரு சிள்வண்டுக் கூட்டங்கள் 1803-க்குப் பிறகு முதன்முறையாக ஒன்றாக வெளிவந்த பருவம் அது என்பதால், அவற்றின் இரைச்சலும் பறவைகளின் ஒலியும் பதிவில் தங்கிவிட்டன. தாம்சன் 2012-இல் இறந்துவிட்டார். ஆனால் அவரிடம் கற்ற மெட்டுகளை அவர் வீட்டிலேயே வாசிக்கும்போது அதில் ஒப்பாரியின் சாயல் சிறிதும் இல்லை. இவை நாட்டியத்துக்கான மெட்டுகள். ஒரே அடியை மறுபடி மறுபடி சுற்றிவருவதால் முதலில் சலிப்பூட்டி, பிறகு கால்களைத் தாமாக அசைய வைப்பவை. ஆங்கில வரிகளைத் தொடர்ந்து கவனிக்க இயலாதவருக்கு மூன்றில் மிக எளிதாகத் திறக்கும் கதவும் இதுதான். இஸ்பெல்லையோ வரிகள் புரியாமல் கேட்பதில் பாதிப் பயன்கூட இல்லை.

ஒன்றை மட்டும் வாங்க வேண்டுமென்றால் நான் தயங்காமல் ‘உட்லேண்ட்’ பக்கம் சாய்வேன், ஏனெனில் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது வேறொரு பாடலை முன்னே தள்ளுகிறது. இஸ்பெல்லை நள்ளிரவில், ஹெட்ஃபோனில், தனியாகக் கேட்பதே முறை. கிடன்ஸ் ஆல்பத்தையும் முதலில் அப்படித்தான் கேட்டேன். வாசிப்பு மட்டுமே காதில் நின்றது. பிறகு ஒரு காலைப்பொழுதில் ஜன்னலைத் திறந்துவைத்து ஸ்பீக்கரில் ஓடவிட்டபோது, எந்தப் பறவை வட கரோலினாவில் கூவுகிறது, எது என் வீட்டு வேப்பமரத்தில் கூவுகிறது என்று பிரித்தறிய முடியவில்லை.