மடக்குக் கத்தி மூன்று, கூடாரம் ஒன்று

ஏற்காட்டுக்கு அருகே ஒரு காப்பித் தோட்டத்தில் நண்பர்கள் ஐந்து பேர் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கினோம். புறப்படும் முன்பே வழக்கமான சண்டை தொடங்கிவிட்டது. குறடு (பிளையர்) இல்லாமல் மலைப்பக்கம் கால் வைக்க மாட்டேன் என்றான் ஒருவன். வெங்காயம் நறுக்குவதற்குக் குறடு எதற்கு என்றான் இன்னொருவன். கடைசியில் மூன்று கத்திகளையும் எடுத்துக்கொண்டோம்: சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் ஹன்ட்ஸ்மேன், குறடும் சேர்ந்த அமெரிக்காவின் லெதர்மேன் வேவ் பிளஸ், பிரான்ஸின் ஓபினெல் எட்டாம் எண். எந்த வேலைக்கு எது பையிலிருந்து வெளியே வருகிறது என்று, பால் கணக்கு எழுதுவதுபோல் நான் கோடு கிழித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் நாள் மாலை கணக்கைக் கூட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் நறுக்குகிற வேலைதான். இஞ்சி, வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, ரொட்டி. அடுத்த இடம் கத்தரிக்கோலுக்கு: மசாலாப் பொட்டலம், பிளாஸ்திரி, நைலான் கயிற்றின் பிசிறு. மூன்றாம் இடத்தை முள்வாங்கி பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உண்ணிச்செடிப் புதரில் கைவிட்டு விறகு பொறுக்கியவர்கள் வரிசையாக வந்து உள்ளங்கையை நீட்டினார்கள். குறடு இரண்டே வேலைக்குத்தான் உதவியது. ரம்பம் ஒரே முறை, அதுவும் வேடிக்கைக்கு.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஹன்ட்ஸ்மேன் பக்கம்தான் தராசு சாய்கிறது. 91 மில்லிமீட்டர் நீளம், 100 கிராமுக்குச் சற்றே குறைந்த எடை. பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரிக்கோல், மர ரம்பம், டப்பா திறப்பான், குத்தூசி, கொக்கி, பிடிக்குள் செருகிய முள்வாங்கி, பல்குச்சி என்று நிறுவனம் பதினைந்து பயன்களைச் சொல்கிறது. விக்டோரினாக்ஸின் நிறுவனர் கார்ல் எல்சனர் இபாக் என்ற ஊரில் 1884இல் பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். அந்த முதல் கத்தியில் இருந்தவை நான்கே: அலகு, குத்தூசி, டப்பா திறப்பான், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளி. அதிகாரிகளுக்கென்று இன்னும் இலகுவான கத்தியை அவர் 1897இல் பதிவு செய்தார். இன்று நாம் சுவிஸ் கத்தி என்று சொல்வது அதன் வழித்தோன்றலைத்தான். வைன் குப்பியின் தக்கையைத் திருகி எடுக்கும் சுருள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பயன்படுத்தியதெல்லாம் இறுகிப்போன கயிற்று முடிச்சை நெகிழ்த்தத்தான். அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

அந்தக் கத்தரிக்கோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க விளையாட்டுச் சாமான்போல இருக்கும். ஆனால் மெல்லிய பிளாஸ்திரியைக்கூட மடங்கவிடாமல் நேராக வெட்டுகிறது. காலில் வந்த கொப்புளத்துக்கு நடுவில் ஓட்டை விட்டுத் துணி வெட்ட வேண்டியிருக்கும்போது இதன் அருமை தெரியும். வேவ் பிளஸ்ஸிலும் கத்தரிக்கோல் உண்டு. அதை வெளியே எடுக்க முதலில் குறட்டை விரிக்க வேண்டும். பசியோடு மசாலாப் பொட்டலத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்த ஒரு படி அதிகம்.

ஹன்ட்ஸ்மேனிடம் இல்லாதது பூட்டு. விரித்த அலகை ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான் பிடித்து நிறுத்துகிறது. காய் நறுக்க அது போதும். குத்துகிற வேலைக்குப் போதாது. இதை நான் கற்றுக்கொண்டது பல ஆண்டுகளுக்கு முன்பு, பஸ் நிலையக் கடையில் வாங்கிய பெயரில்லாத மடக்குக் கத்தியில். மூங்கிலில் துளை போட முனையை வைத்து அழுத்தினேன். அலகு திரும்பி என் ஆள்காட்டி விரலின் மேலேயே மடங்கியது. மூன்று தையல். தழும்பு இப்போதும் இருக்கிறது. பூட்டில்லாத கத்தி எதுவானாலும் துளை போடும் வேலைக்கு அதைத் தொடுவதில்லை.

வேவ் பிளஸ் எடுபடுவது இங்கேதான். வெளிப்பக்கத்து அலகுகளைக் கட்டைவிரலால் ஒரே கையில் திறக்கலாம். திறந்ததும் பூட்டு விழுகிறது. அரமும் ரம்பமும்கூட வெளிப்பக்கத்தில்தான். நடுவில் ஊசிமுனைக் குறடு, கம்பி வெட்டி, திருப்புளி. இதன் பிறப்புக் கதையே குறட்டுக் கதை. டிம் லெதர்மேன் 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் மக்கர் செய்தது, மலிவான விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. கையில் இருந்ததோ ஒரு பேனாக் கத்தி. இதில் ஒரு குறடு இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பியவர், காப்புரிமை வாங்க 1980 வரையிலும், முதல் கருவியை விற்க 1983 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. வேவ் வந்தது 1998இல்.

கதையைக் கவனித்தால் ஒன்று புரியும். காருக்கும் குழாய்க்கும் பிறந்த கருவி இது. மோட்டார் சைக்கிளில் கொல்லிமலைக்குப் போகிறவர், மண்ணெண்ணெய் அடுப்பைக் கழற்றித் துடைக்கிறவர், கூடாரக் கம்பியை நிமிர்த்த வேண்டியவர் இதை வைத்திருக்க வேண்டும். நடந்து போகிறவருக்கு 241 கிராம் சும்மா சுமைதான். எங்கள் தோட்டத்தில் குறடு செய்த இரண்டு வேலைகளில் ஒன்று, பாறையில் மோதி வளைந்த கூடார முளையைப் பிடுங்கியது. அதை வேறு எதுவும் செய்திருக்காது. மற்றொன்று, கொதிக்கும் டீப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கியது. அதற்குத் துண்டு போதும். முள்வாங்கி வேவ் பிளஸ்ஸில் இல்லை. குறட்டு முனையால் முள்ளைப் பிடுங்கலாமே என்று நண்பன் முயன்று பார்த்தான். முள் முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. பிறகு ஹன்ட்ஸ்மேனைத்தான் தேடினோம்.

ஓபினெல் வேறு சாதி. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு வளையம், அவ்வளவுதான். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி. அலகின் கழுத்தில் திருகும் பூட்டு வளையம் 1955இல் சேர்ந்தது. எட்டாம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர், மொத்த எடை 50 கிராம்கூட வராது. அலகு அத்தனை மெல்லியது என்பதால் தக்காளியில் வைத்தால் தோல் நசுங்காமல் இறங்குகிறது. மற்ற இரண்டும் நறுக்கும், இதுதான் சமைக்கும். கூடாரத்தில் சமையல் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நண்பன் முதல் வெங்காயத்திலேயே இதைக் கையகப்படுத்தியவன், கடைசி நாள்வரை தரவில்லை.

ஆனால் இதற்குக் கொஞ்சம் செல்லம் கொடுக்க வேண்டும். கார்பன் எஃகு அலகு, துருப்பிடிக்காத எஃகு அலகு என இரண்டு வகையாக விற்கிறார்கள். முதல் வகை சாணைக்கல்லில் நான்கு இழுப்பில் பதம் ஏறிவிடும். ஆனால் எலுமிச்சையை வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் நீலமும் கறுப்புமாகக் கறை படியும், ஈரத்தில் துருவும் ஏறும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்பார்கள். ஏற்காட்டு டிசம்பர்க் குளிரில் அந்த எண்ணெயே உறைந்து கிடக்கும் என்பது வேறு விஷயம். நம் மழைக்காலத்துக்கு இரண்டாவது வகையையே சொல்வேன். பிடியின் மரமும் ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். அதற்குச் சவோய்க்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு: வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் அடிமுனையை மேசை விளிம்பிலோ கல்லிலோ ஒரு தட்டு தட்டினால், அலகின் முதுகு நகம் கொடுக்கும் அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

கழுவுவதிலும் இதற்குத்தான் நல்ல மதிப்பெண். அடுக்கடுக்காகக் கருவி வைத்த கத்திகளின் இடுக்கில் தக்காளி விதை போனால், பல் துலக்கும் பிரஷ் இல்லாமல் வராது. பதம் தீட்ட மட்டும் ஹன்ட்ஸ்மேனுக்குக் கல்லே வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகில்லாத அடிவிளிம்பில் இழுத்தால் போதும்.

மடக்காத கத்தியே வாங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஸ்வீடனின் மோரா கம்பானியன் உறுதியானது, விலையும் குறைவு. ஆனால் இடுப்பில் உறையோடு தொங்கும் கத்தியைப் பார்த்தால் பஸ் நடத்துநரின் பார்வையே மாறிவிடும். விறகு பிளப்பது இவற்றில் எதன் வேலையும் அல்ல. நாங்கள் ரம்பத்தால் ஒரு கிளையைக் கால் மணி நேரமாக அறுத்துக்கொண்டிருந்ததைத் தோட்டத்து அம்மா ஒருவர் நின்று பார்த்தார். “விடுங்க தம்பி” என்று தன் வெட்டுக்கத்தியால் மூன்றே வெட்டில் துண்டாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கத்தியும் அடங்கும். எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. பழம் நறுக்கத்தான் என்ற விளக்கம் சோதனைச்சாவடியில் எடுபடும் என்று நம்பிப் போக வேண்டாம். வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் மூன்றுக்குமே இடமில்லை, பதிவுசெய்யும் பெட்டியில்தான் போட வேண்டும்.

ஒரே ஒன்று வாங்குவதாக இருந்தால் ஹன்ட்ஸ்மேன். வண்டியில் போகிறவர் என்றால் வேவ் பிளஸ். ஆனால் வேவ் பிளஸ்ஸின் விலையில் மற்ற இரண்டையும் வாங்கி, கையில் காசும் மிஞ்சும். நான் அப்படித்தான் செய்தேன். ஹன்ட்ஸ்மேனும் ஓபினெலும் சேர்ந்தாலும் எடை 150 கிராமைத் தாண்டவில்லை. இப்போது பையில் இருப்பது ஹன்ட்ஸ்மேன் மட்டும். மாம்பழம் நறுக்க ஒரு நாள் ஓபினெலைக் கேட்டு வாங்கிய மனைவி, அதை அடுப்படி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.