பிஎன்எம் படத்தை பிரவுசரில் காட்ட: சின்ன டீகோடரா, வெப்அசெம்பிளியா, சர்வரா?

பிஎன்எம் வகை பிக்ஸ்மேப் கோப்பை, அதாவது பிக்சல்களின் மதிப்புகளைச் சுருக்காமல் அப்படியே எழுதிவைக்கும் படக் கோப்பை, பிரவுசர்கள் நேரடியாகக் காட்டுவதில்லை. இமேஜ் டேக்கில் கொடுத்தால் உடைந்த படத்தின் அடையாளம்தான் வரும். ஆனாலும் வேலூர்ப் பக்கம் இந்தக் கோப்புகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. காட்பாடியில் கிராஃபிக்ஸ் படிக்கும் மாணவர்களின் முதல் ரே ட்ரேசர் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுப் படம் வரையும் நிரல்) பெரும்பாலும் பி3 வடிவத்தில்தான் படத்தை எழுதும்; பிஎன்எம்மில் நிற மதிப்புகளை எழுத்தாக எழுதும் வகை அது. சி மொழியில் எழுத்தை அச்சிடும் பிரிண்ட்எஃப் தெரிந்தால் போதும், வேறு எதுவும் நிறுவ வேண்டாம். அப்புறம், லினக்ஸில் ஸ்கேன் செய்பவர்கள். 'வட ஆற்காடு மாவட்டம்' என்று போட்ட பழைய கிரயப் பத்திரத்தை ஸ்கேன்இமேஜ் கட்டளையில் ஸ்கேன் செய்தால், வேறு வடிவம் கேட்காதவரை அது பிஎன்எம்மாகத்தான் தரும். மாணவர் லேப் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ முடியாது. பத்திரக்காரர் போனில் பார்க்க வேண்டும். இருவருக்கும் பிரவுசர்தான் வழி.

வழிகள் மூன்று. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு சின்ன டீகோடர் (கோப்பைப் படித்துப் பிக்சல்களாக்கும் நிரல்), அதாவது கையால் எழுதியதோ இந்த ஒரு வேலைக்கான லைப்ரரியோ. இரண்டாவது, இமேஜ்மேஜிக் போன்ற பெரிய படக் கருவியை வெப்அசெம்பிளியாக, அதாவது பிரவுசருக்குள் ஓடும்படி கம்பைல் செய்த நிரலாக, ஏற்றுவது. மூன்றாவது, சர்வரிலேயே பிஎன்ஜியாக மாற்றிவிடுவது. மாணவருக்கும் பத்திரக்காரருக்கும் நான் சின்ன டீகோடரைத்தான் சொல்வேன். ஆனால் எதை எடுத்தாலும் சில சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

1988-ல் ஜெஃப் பாஸ்கன்சர் வெளியிட்ட பிபிஎம்பிளஸ் தொகுப்பிலிருந்து வந்த வடிவம் இது. பைனரி வண்ணப் படமான பி6 கோப்பின் தலைப்பில், அதாவது தொடக்கப் பகுதியில், அந்த 'பி6', அகலம், உயரம், அதிகபட்ச மதிப்பு, இவ்வளவுதான். அதன் பின் ஒரே ஒரு இடைவெளி பைட், உடனே பிக்சல்கள். அந்த 'ஒரே ஒரு' என்பதில்தான் பல டீகோடர்கள் சறுக்குகின்றன. தலைப்பு முடிந்ததும் இடைவெளிகளை எல்லாம் தாண்டிவிடுகிற மாதிரி எழுதியிருந்தால், முதல் பிக்சலின் சிவப்பு மதிப்பு 10 ஆகவோ 32 ஆகவோ இருக்கும் படத்தில் அந்த பைட்டும் இடைவெளி என்று எண்ணி விழுங்கப்படும். மொத்தப் படமும் ஒரு பைட் நகர்ந்து, பச்சை இருக்க வேண்டிய மதிப்பு சிவப்பில் போய் உட்காரும். வெளிச்சமான படங்களில் இது தெரியாது. மேல் இடது மூலை இருண்ட படத்தில்தான் பிடிபடும். சோதிக்க அப்படி ஒரு படத்தையே எடுங்கள்.

ஜிம்ப் என்ற பட எடிட்டரில் சேமித்த கோப்பையும் ஒன்று கொடுத்துப் பாருங்கள். தலைப்பின் நடுவே # குறியோடு ஒரு குறிப்பு வரி இருக்கும். அதை எண்ணாகப் படிக்க முயன்று நின்றுவிடும் டீகோடர்கள் உண்டு. கறுப்பு வெள்ளைக்கான பி4-ல் 1 என்றால் கறுப்பு, 0 என்றால் வெள்ளை. ஒவ்வொரு வரியும் முழு பைட்டில் முடிய வேண்டும் என்பதால், 2483 பிக்சல் அகலமுள்ள வரி 311 பைட் எடுக்கும், கடைசி 5 பிட் வீண். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பத்திரத்தின் எழுத்தெல்லாம் சாய்ந்து போகும். ஒரு மதிப்புக்கு இரண்டு பைட் எடுக்கும் 16 பிட் படங்களில் உயர் மதிப்புள்ள பைட் முன்னால் வரும். நம் கம்ப்யூட்டர்களும் போன்களும் அதற்கு நேர்மாறு என்பதால் ஜாவாஸ்கிரிப்ட்டின் யூஇன்ட்16அர்ரே தப்பாகப் படிக்கும், டேட்டாவியூ சரியாகப் படிக்கும்.

விண்டோஸில் சி நிரல் எழுதும் மாணவர்களுக்கு இன்னொரு தொல்லை. கோப்பை பைனரி முறையில் திறக்காவிட்டால், 10 என்ற ஒவ்வொரு பைட்டுக்கு முன்னாலும் 13 ஒன்று சேர்ந்துவிடும். இதில் டீகோடர் மேல் தப்பில்லை. ஆனால் நல்ல டீகோடர் அகலம், உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 'தரவு அதிகமாக இருக்கிறது' என்று சொல்லும். கோணலான படத்தை வரைந்துவிட்டுச் சும்மா இருக்காது. கற்றுக்கொள்கிறவருக்கு இந்த ஒரு வசதி எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அப்புறம் நினைவகம். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2480 பெருக்கல் 3508 பிக்சல். பி4 என்றால் சுமார் 1.1 எம்பி, பி6 என்றால் 26 எம்பி. பிரவுசரில் படம் வரையும் பரப்பான கேன்வாஸுக்கு ஒரு பிக்சலுக்கு 4 பைட் வேண்டும் என்பதால் அங்கே 35 எம்பி ஆகும். அதே தாள் பி3-ல் எழுத்தாக வந்தால், வெள்ளைப் பக்கத்துக்கே 100 எம்பி தாண்டும். அதை ஸ்ப்ளிட் போட்டு உடைக்கிற லைப்ரரி இரண்டரைக் கோடிக்கு மேல் சின்னச் சின்ன சரங்களை உருவாக்கும். குறைந்த ரேம் போனில் டேப் செத்துவிடும். பைட் பைட்டாக நடந்து எண்களைக் கூட்டிக்கொண்டே போகிற டீகோடர்தான் வேண்டும்.

வெப்அசெம்பிளி வழியில், இமேஜ்மேஜிக்கின் பிரவுசர் வடிவமான மேஜிக்-வாஸ்ம் எல்லா பிஎன்எம் வகைகளையும் கையாளும், டிஃப் போன்றவற்றையும் சேர்த்து. ஆனால் படத்துக்கு முன்னால் பல எம்பி நிரல் இறங்க வேண்டும். குடியாத்தம் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஒரு ரே ட்ரேசர் படத்தைப் பார்க்க இது நியாயமில்லை. அளவைக் குறைக்க, எஸ்டிபி-இமேஜ் என்ற சின்ன சி லைப்ரரியை எம்ஸ்கிரிப்டனில் (சி நிரலை வெப்அசெம்பிளியாக்கும் கருவி) கம்பைல் செய்யலாம். அது பிஎன்எம்மில் பைனரி பி5 (சாம்பல் நிறப் படம்), பி6 மட்டுமே படிக்கும். மாணவர்கள் எழுதுவது பி3 என்பதால் அவர்களுக்கு உதவாது.

பெயரில் பிக்ஸ்மேப் இருந்தாலும் எக்ஸ்பிஎம் வேறு ஜாதி. சி நிரல் போல இருக்கும். அதன் நிறப் பெயர்களை அப்படியே கேன்வாஸிடம் கொடுக்கும் லைப்ரரியைத் தவிர்த்துவிடுங்கள். எக்ஸ்பிஎம் பின்பற்றும் எக்ஸ்11 (யூனிக்ஸ், லினக்ஸின் திரை அமைப்பு) பட்டியலில் 'கிரீன்' முழுப் பச்சை, 255. சிஎஸ்எஸ்ஸில் அதே பெயர் 128 தான், கரும்பச்சை.

சர்வர் வழி பத்திரங்களைத் தொகுத்து வைப்பவர்களுக்குப் பொருந்தும். நெட்பிபிஎம் தொகுப்பின் பிஎன்எம்-டு-பிஎன்ஜி கட்டளை தரத்தில் எதையும் இழக்காமல் மாற்றும், பிரவுசரும் தயங்காமல் காட்டும். 600 டிபிஐ ஸ்கேன் என்றால் யோசிக்கவே வேண்டாம். அதில் ஏறக்குறைய 3.5 கோடி பிக்சல். ஐபோன் சஃபாரியின் கேன்வாஸ் நீண்ட காலம் 1,67,77,216 பிக்சலோடு நின்றுவிட்டது. அந்த வரம்புள்ள போனில் எவ்வளவு நல்ல டீகோடர் இருந்தும் பயனில்லை. சர்வரில் மாற்றும்போதே துண்டுகளாக வெட்டி வைத்துவிட வேண்டியதுதான்.